ஸ்டிக்கர் இல்லையா? வீட்டுக்கு நட!

தண்ணீர்க் குழாயைக்கூட மூடாமல் ஆர்வோ லாம்பி வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். ஸ்டிக்கரைக் காணோம்.

விரலால் தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் நீள்சதுரமாக ஒரு பசைத் தடம் மட்டும் இருந்தது. இத்தனை நாளும் அந்த மானக்கேட்டை மறைத்துக் காப்பாற்றி வந்த சேற்றை இப்போதுதான் அவர் தன் கையாலேயே கழுவிவிட்டிருந்தார்.

வேறு யாராவது என்றால் தலையைச் சொறிந்துகொண்டு போய் ஒன்று வாங்கி ஒட்டியிருப்பார்கள். ஆர்வோவால் அது முடியாது. அந்த ஊரில் ஸ்டிக்கர் விற்பவரே அவர்தான்.

சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, பைன் காட்டுக்குள் கிடக்கும் ஹெம்லாக் முனையில் சர்ச்சுக்குப் போகாதவர்கள் உண்டு, வண்டி இல்லாதவர்கள் கிடையாது. நான்கு தடித்த சக்கரம், மேலே மோட்டார் சைக்கிள் கைப்பிடி, சேறு மணல் ஓடை என்று பார்க்காமல் ஏறி இறங்கும் காட்டு வண்டி. காட்டுத் தடத்தில் அதை ஓட்ட வேண்டுமானால் வருடா வருடம் பதிவைப் புதுப்பித்து, ஸ்டிக்கர் வாங்கிப் பின்னால் ஒட்ட வேண்டும். பழையது மார்ச் மாதத்தோடு செல்லாது. அந்த ஸ்டிக்கரை அச்சடிக்கும் சர்க்கார் மெஷின் ஆர்வோவின் கடையில், தூண்டில் புழு வைக்கும் ஃப்ரிட்ஜின் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

அதற்கும் மேலே ஒரு போர்டு. ஆர்வோவே சிவப்புப் பெயிண்டில் எழுதியது: 'ஸ்டிக்கர் இல்லையா? வீட்டுக்கு நட!'

போர்டு அழகுக்காக மாட்டியதல்ல. ஊர் வண்டி கிளப்பில் காட்டுத் தடங்களை மேற்பார்க்கும் தடத் தலைவரும் அவரே. போன வருடம் மே மாதத்தில் நடந்த சீசன் தொடக்க வண்டி ஊர்வலத்தில், ஸ்டிக்கர் ஒட்ட மறந்து வந்த ஒருவனின் சாவியைப் பிடுங்கி, கொட்டுகிற மழையில் வீட்டுக்கு நடக்க வைத்தார். அந்த ஒருவன் அவருடைய மனைவி டார்லீனின் தம்பி கென்னி. கென்னி அதற்குப் பிறகு அக்கா வீட்டில் கை நனைத்ததில்லை.

அப்படிப்பட்டவர் தன் வண்டிக்கு ஏன் வாங்கவில்லை? மெஷின் நம்ம கடையில்தானே இருக்கிறது, நாளைக்கு அடித்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு ஏப்ரலிலும் நினைத்தார், மறந்தார். அவ்வளவுதான். திருட்டுப் புத்தி எல்லாம் கிடையாது.

ஆனால் ஹெம்லாக் முனையில் இதை யாரிடம் சொல்லிப் புரிய வைப்பது? ஒருமுறை சறுக்கினால் அதுவே ஆயுசுக்கும் பெயராகிவிடும் ஊர் அது. வசந்தத்தில் இளகிய ஏரிப் பனிமேல் டிரக்கை ஓட்டி உள்ளே போன வெர்ன், எத்தனையோ வருடம் கழித்தும் 'நீர்மூழ்கி வெர்ன்'தான். அவருடைய பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் 'நீர்மூழ்கி வீட்டுப் பசங்க' என்கிறார்கள். ஆர்வோவுக்கு என்ன பெயர் வைப்பார்களோ!

ஊர்வலம் சனிக்கிழமை. இன்று வியாழன். போய் ஒன்றை அடித்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

கடைக்குள் நுழைந்து மெஷினைத் தட்டி எழுப்பினார். அது முனகிக்கொண்டே விழித்த நேரத்தில் வாசல் மணி அடித்தது. சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தார். தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, வாக்கி டாக்கி. டானா விட்கோ, மாற்றலாகி வந்திருக்கும் புது வனத்துறை அதிகாரி. ஸ்டிக்கர் சோதனை செய்வதும் அவர் வேலையில் சேர்த்திதான்.

"மிஸ்டர் லாம்பி?"

"நான்தான்," என்றார் ஆர்வோ, குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

அதிகாரி போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது நீங்க எழுதினதா?"

"ஆமாம், மேடம்."

"எல்லாருக்கும் சேர்த்தா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே, மேடம்."

அதிகாரியின் முகம் இறுகியது. "சனிக்கிழமை ஊர்வலத்துக்குக் கிளப்புல என்னைக் கூப்பிட்டிருக்காங்க. உங்களுக்குப் பின்னாடியே வரணுமாம். லீவு நாள்தான், சொந்த வண்டியில வர்றேன். ஒரு ஸ்டிக்கர் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்."

"கடையில ஆள் இல்லாத நேரம் எது?"

"ஏ... ஏன், மேடம்?"

"சும்மாதான். உங்க வண்டி பச்சைதானே? முன்னாடி பெரிய கேரியர் வெச்சது?"

அதற்குள் பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டித் தட்டோடு டார்லீன் வந்தாள். அதிகாரி சட்டென்று நிமிர்ந்தார். "ஒரு டப்பா புழு குடுங்க," என்று வாங்கிக்கொண்டு வெளியேறிவிட்டார்.

"பாவம், நல்ல பொண்ணா இருக்கு," என்றாள் டார்லீன்.

"நல்ல பொண்ணா? என் வண்டி என்ன கலர்னு தெரிஞ்சு வெச்சிருக்கா! தனியா இருக்கிற நேரத்தைக் கேக்கறா! என்னை நோட்டம் விடறா, டார்லீன்."

"ஏன், நீ என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலை!"

"ஒண்ணும் பண்ணாதவன் எதுக்கு இப்படிக் கத்தறே?" என்றாள் அவள். உலகத்தில் வேறு யாரிடம் சொன்னாலும் சொல்லலாம், டார்லீனிடம் மட்டும் சொல்ல முடியாது. அவள் வாயைத் திறக்கவே வேண்டாம், தம்பியின் போட்டோவை ஒரு பார்வை பார்த்தாலே போதும்.

டார்லீன் தபாலாபீசுக்குக் கிளம்பும் வரை ஆர்வோ அலமாரியில் இருந்த தூண்டில் முள்ளை எல்லாம் எடுத்து மறுபடி அதே இடத்தில் அடுக்கினார். அவள் கார் வளைவில் மறைந்ததும் மெஷினிடம் ஓடினார். திரை கேட்டது: பெயர்?

ஒரு விரலால் லாம்பியின் முதல் எழுத்தான ஆங்கில 'எல்'லை அடித்திருப்பார், தோளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"என்னடா ஆர்வோ, யாருக்கு அடிக்கறே?"

லெராய். கூடப் படித்த சிநேகிதன். ஊரில் எந்தச் செய்தியும் முதலில் அவன் வாய்க்கு வந்துதான் மற்றவர் காதுக்குப் போகும். அவன் பெயருக்கும் அதே முதல் எழுத்து என்பது ஆர்வோவுக்கு அந்த நொடியில் ஆண்டவன் போட்ட பிச்சையாகத் தெரிந்தது.

"உனக்குத்தான்டா," என்றார்.

"எனக்கா? நான்தான் ஏப்ரல்லயே வாங்கிட்டேனே."

"அது முதல் வண்டிக்கு," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார் ஆர்வோ.

லெராயின் முகம் வெளுத்துப் போயிற்று. கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கொட்டகையில வைக்கோலுக்குப் பின்னாடி இருக்கிறது உனக்கு எப்படிடா தெரியும்? என் பொண்டாட்டிக்கே தெரியாது!"

ஆர்வோவுக்கும் அதுவரை தெரியாது. ஆனால் இனிப் பின்வாங்க முடியாது. மர்மமாகத் தலையை ஆட்டினார். லெராய் வேர்த்து விறுவிறுத்துப் பணத்தை எண்ணி வைத்தான். மெஷின் கிர்ரென்று இழுத்து ஒரு ஸ்டிக்கரைத் துப்பிவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது. ரோல் தீர்ந்துவிட்டது. புது ரோல் திங்கட்கிழமைதான் வரும்.

"உனக்கு எல்லாம் தெரியுதுடா," என்று பயபக்தியோடு சொல்லிவிட்டுக் கடைசி ஸ்டிக்கருடன் லெராய் போய்விட்டான்.

அடுத்த ஊர் ஸ்டோன் கிரீக்கில் பெட்ரோல் பங்க் நடத்தும் பெவர்லியிடமும் ஒரு மெஷின் உண்டு. பல் வலி என்று டார்லீனுக்குச் சீட்டெழுதி வைத்துவிட்டு ஆர்வோ டிரக்கை விரட்டினார்.

"யாரு, ஆர்வோவா! என்ன வேணும்? பெட்ரோலா?"

"ஒரு ஸ்டிக்கர்."

பெவர்லி வாயிலிருந்த சூயிங்கத்தை மெல்லுவதை நிறுத்தினாள். "நீயா? என்கிட்டயா? ஏன், உன் மெஷினைப் பிடுங்கிட்டாங்களா?"

"சேச்சே! இது எனக்கில்லை. ஒரு சிநேகிதனுக்கு. அவன் கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"பேரு?"

"பேரா?"

"பேரும் லைசென்ஸும் இல்லாம மெஷின் அடிக்காதுன்னு உனக்குத் தெரியாதா? கிளப் மீட்டிங்குல எங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்ததே நீதானே." அவள் கண்கள் சுருங்கின. பின்னால் இரண்டு பேர் காபிக் கோப்பையோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். தன் லைசென்ஸை நீட்டினால் சூரியன் மறைவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆர்வோவின் கை பாக்கெட்டுக்கும் மேஜைக்கும் நடுவே தவித்தது. பிறகு அவருக்கே புரியாத ஒரு வேகத்தில் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சபாஷ், பெவர்லி! லைசென்ஸ் கேக்காம குடுக்கறியான்னுதான் பார்த்தேன். நீ பாஸ்."

பெவர்லி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "சோதனையா? யாரு சொல்லிச் சோதனை?"

"அதெல்லாம் வெளியில சொல்லக்கூடாது," என்று சொல்லிவிட்டு ஆர்வோ காலியான கையோடு டிரக்கில் ஏறினார். ஏறி உட்கார்ந்ததும் தலையை ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டார். ஹாரன் அடித்தது.

அவர் ஊர் திரும்புவதற்குள் செய்தி திரும்பிவிட்டது. பெவர்லி லெராய்க்குப் போன் செய்தாள். லெராய் வைக்கோல் விஷயத்தைச் சொன்னான். இரண்டையும் கூட்டிப் பார்த்த ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: ஆர்வோ ரகசியமாக வனத்துறைக்கு வேலை பார்க்கிறார்; புது அதிகாரி கண்ணைக் காட்டினால் இவர் வேவு பார்க்கிறார்.

சாயங்காலம் லெராயே போன் செய்தான். "டேய், சவுனாவுல விறகு போட்டிருக்கேன். வா, மனசு விட்டுப் பேசுவோம்."

சவுனா என்றால் ஆவிக் குளியல். அந்த ஊரின் பின்லாந்து வம்சத்துக்காரர்களுக்கு அது பாதிக் கோவில். துணியில்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த மர அறைக்குள் பொய் சொல்லக்கூடாது என்பது பாட்டன் காலத்து எழுதாத சட்டம். ஆர்வோ வாழ்க்கையில் எத்தனையோ விதிகளில் கண்டிப்பானவர், இதில் இன்னும் கண்டிப்பு. அதனால் முதல் முறையாக, "இன்னிக்கு வேண்டாம்டா, பல் வலி," என்றார்.

"சவுனாவுக்கு வரமாட்டேங்கறியா? அப்போ அது உண்மைதான்," என்று சொல்லி லெராய் போனை வைத்துவிட்டான்.

கடையைச் சாத்தப் போனபோது மறுபடி வாசல் மணி அடித்தது. அதிகாரி டானாதான். தொப்பி இல்லை, சீருடை இருந்தது. போர்டைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், ஆர்வோவைப் பார்த்தார்.

"மிஸ்டர் லாம்பி, ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன். நல்லவங்க ஒருத்தர், வேணும்னு இல்லை, ஏதோ அவசரத்துல மார்ச்சுல புதுப்பிக்க மறந்துட்டாங்கன்னு வெச்சுக்குங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

தெரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது. தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறாள் என்று ஆர்வோவுக்குத் தோன்றியது. ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்கு நடக்க விடுவேன், மேடம்! யாரா இருந்தாலும்! என் சொந்த மச்சினனையே விட்டேன்!"

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மறுபடி போர்டைப் பார்த்தார். "ஒரு டப்பா புழு குடுங்க," என்றார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் ஆர்வோ பாஸ்டியைக் குத்திக் குத்திப் பொடியாக்கினார். "மீன் பிடிக்காதவ ரெண்டு டப்பா புழு வாங்கியிருக்கா. எதுக்கு?"

"மீன் பிடிக்காதவன்னு உனக்கு யாரு சொன்னா?"

"ஒரு தூண்டில் முள் வாங்கலை, ஒரு நரம்பு வாங்கலை. சாட்சிக்கு வாங்கறா. கோர்ட்டுல, இந்தக் கடைக்கு வந்தேன், இதோ புழுன்னு காட்டுவா."

"உனக்குப் பல் வலியா, மண்டை வலியா?" என்று கேட்டாள் டார்லீன்.

வெள்ளிக்கிழமை காலை கடை திறக்கும் முன்பே வாசலில் கூட்டம். கொட்டகையிலும் ஏரிக்கரைக் குடிசையிலும் ஒளிந்திருந்த வண்டிகளுக்கு எல்லாம் ஒரே நாளில் ஸ்டிக்கர் வேண்டியிருந்தது. ரோல் இல்லை என்றதும் ஒரு கிழவர் அழவே ஆரம்பித்துவிட்டார். நீர்மூழ்கி வெர்ன் ஆர்வோவின் கையைப் பிடித்து, "என் மாட்டுக்கொட்டகைப் பக்கம் மட்டும் அந்தம்மாவைக் கூட்டிட்டு வந்துடாதேப்பா," என்று கெஞ்சினார். கென்னிகூட வந்திருந்தான். எதுவும் கேட்கவில்லை, வேலியோரம் நின்று அக்கா புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

லெராய் மட்டும் கெஞ்சவில்லை. பொருமிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் கேளுங்கப்பா. நாளைக்கு ஊர்வலம் கிளம்பறதுக்கு முன்னாடி வரிசையா ஒவ்வொரு வண்டியோட பின்பக்கத்தையும் எல்லார் முன்னாடியும் காட்டிடுவோம். ஒளிவுமறைவே வேண்டாம். முதல்ல யாரு? தடத் தலைவர்!"

"ஆமா! ஆமா!" என்றது கூட்டம்.

"என்ன ஆர்வோ, சம்மதம்தானே?"

"சம்மதம்," என்றார் ஆர்வோ. வேறென்ன சொல்ல முடியும்? நேற்றுக் காலை வரை அவருடைய வண்டியின் பின்பக்கத்தை உலகத்தில் ஒரு ஜீவனும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது ஊரே பார்க்கப்போகிறது. அதற்கு வேண்டிய எல்லா ஏற்பாட்டையும் அவரே செய்திருந்தார்.

மதியத்துக்கு மேல் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டு, யாருக்கும் தன்னைத் தெரியாத பெரிய டவுனுக்குப் போனார். தூரம் அதிகம். போகிற வழியெல்லாம் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு போனார். அங்கே ஒரு பெரிய கடையில், காதில் மூன்று வளையம் போட்ட ஒரு பெண் அவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஸ்டிக்கரை நீட்டினாள். அதை வாங்கிச் சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்தபோது ஆர்வோவுக்குக் கண் கலங்கிவிட்டது. தேவையே இல்லாமல் அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கொட்டகைக்கு ஓடினார். கொட்டகை காலியாக இருந்தது.

"டார்லீன்! வண்டி எங்கே?"

"லெராய் அவனோட பெரிய டிரெய்லர்ல ஏத்திட்டுப் போனானே. எல்லாருடையதையும் இன்னிக்கே மைதானத்துல வரிசையா நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடி வெச்சாச்சாம். காலையில திறக்கறதுக்கு ஜோரா இருக்கும்னான். பல் எப்படி இருக்கு?"

"எந்தப் பல்?"

டார்லீன் அவரை உற்றுப் பார்த்தாள். "அந்த அதிகாரிப் பொண்ணு மறுபடி வந்துச்சு. மிஸ்டர் லாம்பி தனியா இருப்பாரான்னு கேட்டுச்சு. இல்லைன்னதும் மூஞ்சி விழுந்து போச்சு. பாவம்னு ஒரு பாஸ்டி குடுத்தேன். அப்புறம் ஒரு டப்பா புழு வாங்கிட்டுப் போச்சு."

ஆர்வோ படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் மைதானத்துக்குப் போனார். ஏரியிலிருந்து வந்த மூடுபனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. சாம்பல் நிறத் தார்ப்பாய் மூடிய வண்டிகள் நீண்ட வரிசையாக நின்றன. ஊர்வலத்தில் முதல் இடம் எப்போதும் தடத் தலைவருக்குத்தான். எனவே முதல் தார்ப்பாயின் பின் ஓரத்தைத் தூக்கினார். பச்சை வண்டி. நன்றாகக் கழுவித் துடைத்த பின்பக்கம். வெறுமையாக இருந்தது.

ஸ்டிக்கரை உரித்து ஒட்டினார். ஓரம் தூக்காமல் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். புத்தம் புதிதாகப் பளபளத்தால் சந்தேகம் வருமே என்று கொஞ்சம் ஈர மண்ணை எடுத்து மேலே பூசினார். தார்ப்பாயை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் மூன்று முட்டையும் ஒரு தட்டுப் பன்றி வறுவலும் சாப்பிட்டார். சீட்டியடித்தார். பல் தேவலை போலிருக்கு என்றாள் டார்லீன்.

எட்டு மணிக்கு ஊரே மைதானத்தில் இருந்தது. பாஸ்டிக் கடை, காபி, குழந்தைகள், நாய்கள். அதிகாரி டானா லீவு நாள் உடையில், கம்பளிச் சட்டையும் ஜீன்ஸுமாக வந்திருந்தார். முகத்தில் ஏதோ குழப்பம் தெரிந்தது. ஆர்வோவைப் பார்த்ததும் அருகில் வரப் பார்த்தார். ஆனால் அதற்குள் லெராய் ஒரு பெட்டிமேல் ஏறிவிட்டான்.

"முதல்ல தடத் தலைவர் வண்டி!"

"தாராளமா!" என்றார் ஆர்வோ. ஒரு பாஸ்டியைக் கடித்துக்கொண்டே கையை வீசி நடந்தார். "நல்லாப் பாருங்கப்பா. கிட்ட வந்து பாருங்க. குழந்தைங்களும் பார்க்கட்டும். ஒழுங்குன்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும்."

லெராய் பெட்டியிலிருந்து குதித்து, முதல் வண்டியைத் தாண்டி, இரண்டாவது தார்ப்பாயைப் பிடித்தான்.

"டேய், அது இல்லைடா. முதல்ல இருக்கிறதுதான் என்னோடது," என்றார் ஆர்வோ.

"முதல்ல இருக்கிறது விருந்தாளி வண்டி. மரியாதைக்கு முன்னாடி நிறுத்தினேன். ரெண்டும் ஒரே மாடல், ஒரே பச்சை," என்று சொல்லிக்கொண்டே லெராய் தார்ப்பாயை ஒரே இழுப்பில் இழுத்தான்.

காலை வெயிலில் ஆர்வோவின் வண்டி பளிச்சென்று நின்றது. பின்பக்கத்தில் நீள்சதுரமாகப் பசைத் தடம் மட்டும் தெரிந்தது. பாஸ்டி அவர் கையிலிருந்து நழுவியது. ஒரு நாய் வந்து எடுத்துக்கொண்டு போயிற்று.

முதலில் நீர்மூழ்கி வெர்னின் முகம்தான் மலர்ந்தது. இத்தனை வருடம் சுமந்த பட்டத்தை இறக்கி வைக்க ஓர் ஆள் கிடைத்த நிம்மதி அது. பிறகு எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, வேலி வரைக்கும் பரவியது. "ஸ்டிக்கர் விக்கறவனுக்கே ஸ்டிக்கர் இல்லையாம்டா!" என்று லெராய் தொடையைத் தட்டினான்.

டார்லீன் சிரிக்கவில்லை. "ஆர்வோ," என்றாள் மெதுவாக. "என் தம்பி மழையில நடந்து போனான்."

அதுதான் அவரைச் சுட்டது. பெயர் வைத்தால் வைக்கட்டும். நாலு பேர் கைதட்டலுக்காக ஒரு நல்ல பையனை அன்றைக்கு நனைய விட்டோம் என்று நினைத்ததும் அவருக்கு அவமானமாக இருந்தது. சாவியை எடுத்தார். வேலியோரம் நின்ற கென்னியிடம் போய் அதை அவன் கையில் வைத்தார்.

"போர்டுல இருக்கிறது எனக்கும் சேர்த்துத்தான்," என்றார். "நடக்கறேன்."

கூட்டம் வழி விட்டது. தலையைக் குனிந்தபடி ஆர்வோ வாசல் வரை போயிருப்பார்.

"நில்லுங்க, மிஸ்டர் லாம்பி!"

அதிகாரி டானா முதல் வண்டியின் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவர் கண்கள் ஈரமாக இருந்தன.

"யாரும் சிரிக்காதீங்க. அவரோட ஸ்டிக்கர் என் வண்டியில இருக்கு. காலையில பார்த்தப்போ யார் ஒட்டினாங்கன்னே தெரியலை, இப்பத்தான் புரியுது, என்னைக் காப்பாத்தறதுக்குத் தன்னோடதை எடுத்து எனக்கு ஒட்டியிருக்கார். ஸ்டிக்கர் இல்லாதவ நான்தாங்க. மார்ச்சுலயே முடிஞ்சு போச்சு, பழசை உரிச்சுப் போட்டுட்டேன், வாங்கறதுக்குத்தான் மூணு தடவை இவர் கடைக்குப் போனேன், அந்தப் போர்டைப் பார்த்ததும் கேக்க வாய் வரலை... புழு மூணு டப்பாவும் என் வீட்டு ஃப்ரிட்ஜுல அப்படியே கிடக்கு!"